சோடியம் குறைந்த உப்பு

1997

ஆகஸ்ட் 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. ரயில்வே கேட் பக்கம் முழங்கால் அளவு தண்ணீர் என்று பால்காரர் சொன்னார். பள்ளி அரை நாளோடு விட்டாயிற்று.

உருளைக்கிழங்கு: தோல் சீவி, மெல்லிசாக நறுக்கி, வெந்நீரில் இரண்டு மணி நேரம். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்ட வேண்டும். கேரட், பீன்ஸ் எல்லாம் அப்படியே. பொட்டாசியம் வெளியேறுவதற்காக. கடைசியில் தட்டில் இருப்பது காய் மாதிரி ஏதோ ஒன்று.

இன்று எட்டாம் வகுப்பில் நான் எடுத்த பாடம்: காய் வெந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள், சத்து அதில்தான் இருக்கிறது. பிள்ளைகள் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டார்கள். இருபத்திரண்டு வருடமாக மனையியல் டீச்சர். வீட்டுக்கு வந்து சத்தை வடிகட்டிக் கொட்டுகிறேன்.

அடுக்களைக் கதவில் ஒட்டிய தாள், ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் மித்ரா சொன்னபடி:

கூடாது: வாழைப்பழம், இளநீர், ஆரஞ்சு, தக்காளி, கீரை, தேங்காய், முருங்கை, ஊறுகாய், அப்பளம்.
ஆகலாம்: வெள்ளை அரிசி, மைதா ரொட்டி, சுரைக்காய், பாதி ஆப்பிள்.
தண்ணீர்: நாளைக்கு 700 மி.லி. மாத்திரைக்குக் குடிப்பதும் இதில் சேர்த்தி.
உப்பு: சிட்டிகை.

வீட்டுக்காரர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "நல்லதெல்லாம் மேல இருக்கு, கோமதி," என்றார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

அவருக்கு டயாலிசிஸ். இனி டய. என்றே எழுதப்போகிறேன், கை வலிக்கிறது. செவ்வாயும் சனியும், ஏழு மாதமாக. சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் மூன்று கிலோ ஏறியிருந்தது. அத்தனையும் தண்ணீர். சதை இறங்கிக்கொண்டே போகிறது, வாட்ச் முழங்கை வரை ஓடுகிறது.

மித்ரா சின்னப் பெண், எங்கள் மகள் வித்யாவை விட ஏழெட்டு வயது கூட இருக்கும். என்னைத் தீதி என்பாள், இங்கே வங்காளத்தில் அக்கா. முன்பு புரதத்தைக் குறை என்றார்கள். இப்போது கூட்டு என்கிறார்கள். டய. செய்யும்போது புரதமும் கழுவிக்கொண்டு போகிறதாம். முட்டை வெள்ளைக்கரு, தினம் இரண்டு. நாங்கள் சைவம் என்றேன். "தீதி, உடம்பு தன் சதையையே தின்ன ஆரம்பித்துவிட்டது. அது மட்டும் சைவமா?" என்றாள்.

சிறுநீரகம் கொடுக்க என் ரத்தம் சேரவில்லை. வித்யாவுடையதைச் சோதிக்கவே அவர் விடவில்லை. அந்தப் பேச்சு வைகாசியிலேயே முடிந்தது.

வாங்க வேண்டியது: முட்டை 6, தனிப் பாத்திரம், டார்ச் செல்.

ஆகஸ்ட் 7, வியாழன்

முட்டை வேகவைத்தேன், வாழ்க்கையில் முதல் தடவை. எத்தனை நிமிடம் என்று வித்யாதான் சொன்னாள். கல்லூரி கேன்டீனில் சாப்பிடுவாள் போல. நான் கேட்கவில்லை.

அவர் வெள்ளையை மட்டும் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். "பாதி முட்டை, பாதிப் பாவம்."

மத்தியானம் தகராறு. சுரைக்காய்க் கூட்டைத் தட்டோடு தள்ளிவிட்டார்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலன்னு சும்மாவா சொன்னாவ. இது சோறா, சுண்ணாம்பா?"

"உப்பு போட்டா தாகம் எடுக்கும். தாகம் எடுத்தா தண்ணி கேப்பீங்க. தண்ணி குடிச்சா நெஞ்சுல கோத்துக்கிடும். எத்தன தடவ சொல்லுதது?"

"நீ பாடம் நடத்தாத. நான் சாகுததுக்கு முன்ன ஒரு நேரம் சொதி ஊத்திச் சாப்பிடணும்."

திருநெல்வேலியில் எங்கள் கல்யாணத்தின் மறுநாள் பந்தியில் மூன்று தரம் சொதி வாங்கியவர். தேங்காய்ப் பால், உருளை, முருங்கை. கதவில் ஒட்டியிருக்கும் மேல் வரி அத்தனையும் அதில்.

சாப்பிடாமலே படுத்துவிட்டார். தட்டைக் கழுவும்போது எனக்கும் அழுகை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆசிரியர் அறையில் பேச்சு. விஞ்ஞான டீச்சர் சுப்ரதா, தன் மாமியாருக்குப் புது மாதிரி உப்பு வாங்குகிறாளாம், சோடியம் குறைவாம். பி.பி. நன்றாக இறங்கியிருக்கிறதாம். ருசி அப்படியே, லேசாகக் கசப்பு, அவ்வளவுதான்.

எனக்கு ஏன் இது தோன்றவில்லை? சோடியம்தானே வேண்டாம் என்கிறார்கள். சாயங்காலம் லேக் மார்க்கெட்டில் தேடி இரண்டு பாக்கெட் வாங்கினேன். உறையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் அதேதான் போட்டிருக்கிறது, சிவப்பில் ஒரு இதயப் படம்.

மார்க்கெட்டில் ஹில்சா மீன் சீசன், கால் வைக்க இடமில்லை. குடையின் கம்பி உடைந்தது.

ஆகஸ்ட் 9, சனி

டய. முடிந்து நான்கு மணிக்கு வீடு. சாதம், சுரைக்காய்க் கூட்டு, மிளகு ரசம் (தக்காளி இல்லாமல், புளி துளி). புது உப்பு, தாராளமாகவே போட்டேன்.

முதல் கவளம் வாயில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, உப்பு போட்ருக்கியா?"

"போட்ருக்கேன். கெடுதல் இல்லாத உப்பு. சாப்பிடுங்க."

இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கினார். பிப்ரவரிக்குப் பிறகு இன்றுதான். வித்யா என் தோளைக் கட்டிக்கொண்டு, "மா, யூ ஆர் அ ஜீனியஸ்," என்றாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நன்றாகச் சாப்பிடுகிறார். காலை இட்லி மூன்று. உப்புமா. மோர் மட்டும் இல்லை. பி.பி. இறங்கியிருக்கிறது, நர்ஸே கேட்டாள், என்ன செய்தீர்கள் என்று. தாகமும் முன்பு போல் இல்லை. ரத்தப் பரிசோதனை மாதக் கடைசியில்தான்.

மித்ரா இன்று லீவு. வந்தால் சொல்ல வேண்டும். மற்ற நோயாளிகளுக்கும் உதவும்.

நேற்று ஹவுராவில் ஆபீசுக்கு அரை நாள் போய்வந்தார். படகில் போனாராம், ஆற்றுக் காற்று நன்றாக இருந்ததாம். முகத்தில் களை. வெகுநாள் கழித்து எனக்கும் தூக்கம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடி, பாட்டு, மழையில் நனைந்த லட்டு. பத்தரைக்கு வீடு.

சொதி வைத்தேன். மூன்றாம் பால் மட்டும். கிழங்கு இரண்டு தடவை வேகவைத்து வடித்தது, முருங்கை இல்லை. தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் இஞ்சிப் பச்சடி. ஊர்ச் சொதிக்குக் கால்வாசி கூட வராது. புது உப்புதான் அதைத் தூக்கிக்கொடுத்தது.

ஒரு கரண்டிதான் என்று சொல்லித்தான் ஊற்றினேன். விரலை நக்கினார். கை கழுவிவிட்டு வந்து, "போதும், கோமதி," என்றார். நிறைந்த குரலில்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் மாடிப்படி ஏற முடியவில்லை என்றார். மாவு மூட்டையைக் கட்டிவிட்ட மாதிரி கால் கனக்கிறதாம். நேற்று டய., அந்தக் களைப்பு என்று நினைத்தேன். உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது என்றார். துணி ஊறப்போட்டிருந்தேன், சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய். ஆஸ்பத்திரி வராந்தா.

நேற்றுக் காலை பத்து மணிக்குக் குளியலறையில் விழுந்தார். அடி இல்லை. கால் இரண்டும் எழும்பவில்லை. நாடி பிடித்துப் பார்த்தேன், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அத்தனை இடைவெளி. வித்யாவும் பக்கத்து வீட்டுக்காரரும் நாற்காலியில் உட்கார வைத்தே இறக்கினார்கள். டாக்சி.

இ.சி.ஜி. பார்த்த டாக்டர் ஓடினார். பொட்டாசியம், இதயம் நிற்கப் போகிறது என்றார்கள். ஊசி, குளுகோஸ், உடனே டய. மதியம் மூன்றரைக்குத்தான் மூச்சு விட்டேன்.

டாக்டர் என்னிடம், "என்ன சாப்பிட்டார்? ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்."

எல்லாம் சொன்னேன். சொதியையும் சொன்னேன். உப்பு என்று கேட்டார். குறைவாகத்தான் என்றேன், சோடியத்தை நினைத்து. அதற்குள் கட்டிலிலிருந்து அவர் கையைத் தூக்கினார்.

"எளனி குடிச்சேன், டாக்டர். படகுத்துறையில. போன திங்கக்கெழம ஒண்ணு, வியாழக்கெழம ஒண்ணு. நாக்கு வறண்டு போச்சு, தாங்கல."

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். வித்யா அங்கேயே ஆரம்பித்தாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். வங்காள மொழியில் கத்தினாள், பக்கத்துக் கட்டில்காரர்களெல்லாம் பார்த்தார்கள். கடைசியில் தமிழில், "அம்மா தண்ணிய கொட்டிக் கொட்டி சமைக்கா, நீங்க ரெண்டு எளனிக்காகச் சாகப் பாத்தீங்களா? உங்களுக்கு நாங்க முக்கியமே இல்ல."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நானும் ஒரு வார்த்தை ஆதரவாகச் சொல்லவில்லை. எனக்கும் கோபம்தான்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேற்று வீட்டுக்கு வந்தார்.

இன்று காலை கஞ்சி வைத்தேன். உப்பு டப்பா காலி. இரண்டாவது பாக்கெட்டை வெட்டும்போது மூக்குக் கண்ணாடி போட்டிருந்தேன். பின்பக்கம், ஒட்டுக்குக் கீழே மடிந்த இடத்தில், அரிசி நொய் அளவு எழுத்து.

பொட்டாசியம் குளோரைடு.

அதற்குக் கீழே: சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

சோடியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியத்தை வைத்திருக்கிறார்கள். எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்று இருந்துதானே ஆகவேண்டும். பத்தாவது படிக்கும் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை.

கிழங்கைத் திரும்பத் திரும்ப வேகவைத்து வெளியே கொட்டியதை, கரண்டியால் அள்ளி மூன்று வேளையும் போட்டிருக்கிறேன். ஒன்பது நாள்.

கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினேன். பாக்கெட்டையும் டப்பாவையும் பழைய தாளில் சுற்றி, பள்ளிக்குப் போகும் வழியில் குப்பையில். "என்ன, இன்னைக்கு கஞ்சி இல்லியா?" என்றார். தீய்ந்துவிட்டது என்றேன். ரொட்டி தின்றார்.

ஆகஸ்ட் 23, சனி

டய. நடக்கும்போது மித்ராவின் அறைக்குப் போனேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

கேட்டுக்கொண்டிருந்தாள். திட்டவில்லை. "பி.பி.க்காரர்களுக்கு அது நல்ல உப்புதான், தீதி. கிட்னி வேலை செய்தால் மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். இவருக்கு வழி இல்லை. இதே மாதிரி இந்த வருடம் இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன். உப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதே நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்."

"இளநீரா, உப்பா?" என்று கேட்டேன். தெரிய வேண்டியிருந்தது.

பேனாவை உருட்டினாள். "இளநீரும் கெடுதல்தான். ஆனால் அது இரண்டு நாள். உப்பு தினமும் மூன்று வேளை." டாக்டரிடம் தானே சொல்லிவிடுவதாகவும், வீட்டில் சொல்வது என் விருப்பம் என்றும் சொன்னாள்.

வெளியே வந்து வராந்தாக் குழாயில் முகம் கழுவினேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வித்யா வார்டன் ஆகிவிட்டாள். அவர் வெளியே போய் வந்தால் சட்டைப் பையைச் சோதிக்கிறாள், வாயை ஊதச் சொல்கிறாள். அவர் விமான நிலையத்தில் நிற்பவர் மாதிரி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறார். முதல் நாள் சிரித்தார். இன்று சிரிக்கவில்லை.

ஒன்றும் கேட்பதில்லை இப்போது. சுண்ணாம்பு என்பதில்லை. வைத்ததைத் தின்கிறார், பயந்த பிள்ளை மாதிரி. நேற்று, "நல்லாருக்கு," என்று வேறு சொன்னார். உப்பே இல்லாத சுரைக்காய்.

அவள் திட்டுகிறாள், அவர் வாங்கிக்கொள்கிறார், நான் பரிமாறுகிறேன்.

9-பி விடைத்தாள் முப்பத்தெட்டு. தொடவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வித்யா சால்ட் லேக்கில் தோழி வீட்டுக்குப் போனாள். அவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

"எளனியால மட்டும் இல்லங்க. நான் போட்ட உப்பு. அதுல அந்த பொட்டாசியந்தான் இருந்துச்சு. பாக்கெட்டுல எழுதிருந்துச்சு, நான் பாக்கல."

பேப்பரை மடித்தார். மறுபடி மடித்தார்.

"நீ டீச்சர்லா."

அவ்வளவுதான். எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

மத்தியானம் என் கையால் வைத்த சோற்றைத் தொடவில்லை. தானே போய் இரண்டு ரொட்டி எடுத்து, வெறும் ரொட்டியாகத் தின்றார்.

செப்டம்பர் 3, புதன்

மூன்று நாளாக ரொட்டி. வித்யா கேட்டதற்கு, வாய்க்குப் பிடிக்கவில்லை என்றார். அவள் அதற்கும் ஒரு பாட்டு விட்டாள். நேற்று டய.யில் எடை பார்த்தார்கள், தண்ணீர் போக 46 கிலோ.

இன்று வித்யா கல்லூரிக்குப் போனபின் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"வித்யாட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இன்னைக்குச் சொல்லிருதேன்."

"சொல்லாத." கதவில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எளனி குடிச்சது நெசந்தான. அது அப்படியே இருக்கட்டும். எனக்குப் பொறவு அவ உன் கையாலதான் சாப்பிடணும்."

"அப்படிப் பேசாதீங்க."

"சோறு இருக்கா?"

இருந்தது. போட்டேன். சுவரில் சாய்ந்துகொண்டு, பாதிதான் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டார்.

செப்டம்பர் 6, சனி

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை இரண்டே இரண்டு, தேங்காய் இல்லாமல், சர்க்கரையும் ஏலமும் வைத்து. டய. முடிந்து வந்து ஒன்றைத் தின்றார். மூச்சு வாங்குகிறது. கால் வீக்கம். நெஞ்சு பலவீனமாகிவிட்டது என்று டாக்டர்.

போன மாதம் நடந்ததாலா என்று கேட்டேன். "சொல்ல முடியாது அம்மா. ஏற்கெனவே பெரிதாகியிருந்த இதயம்." எனக்கு வேண்டிய பதில் எது என்றே எனக்குத் தெரியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

டய. கட்டிலில் இரண்டாம் மணி நேரத்தில் பி.பி. விழுந்தது. நான் வெளியே பெஞ்சில், கையில் அவருடைய தண்ணீர் பாட்டில், 700-இல் இன்னும் 400 மிச்சம். மதியம் 12.40.

வித்யாவுக்குக் கல்லூரி ஆபீசுக்குப் போன் செய்தேன். வந்தாள். காலையில் மாத்திரை போட்டாச்சா என்று மட்டும்தான் அவரிடம் கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

செப்டம்பர் 24, புதன்

பதினாறாம் நாள் காரியம். அவருடைய அக்கா, என் மதினி, திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கிறார்கள். ஆபீஸ்காரர்கள் நாற்பது பேர். வெளியே சமையல்காரர். இலையில் சொதி வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வி. எப்படி இருந்தார், திடீரென்று எப்படி. வித்யாதான் பதில் சொன்னாள்.

"வாயக் கட்டல, அத்தை. எத்தன சொல்லியும் ஒளிஞ்சு ஒளிஞ்சு எளனி குடிச்சார். அதுலருந்துதான் ஹார்ட் போச்சு."

மதினி தலையில் அடித்துக்கொண்டார்கள். "சின்னதுலயே அவனுக்கு நாக்கு நீளந்தான். நீ பாவம், கோமதி. எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்ச."

நான் தண்ணீர் டம்ளர்களை எடுத்து வைத்தேன். நாலு பேரிடம் அதையே சொல்லிவிட்டாள். ஐந்தாவதாக அவருடைய ஆபீசர் கேட்டபோது நான் அறைக்குள் போய்விட்டேன்.

செப்டம்பர் 27, சனி

மதினியை ஹவுராவில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். வெயில். மகாளயத்துக்கு இன்னும் நாலு நாள், தெருவில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு மணிக்கு இரண்டு பேருக்கும் தட்டு வைத்தேன். அவள் உட்கார்ந்ததும் சொன்னேன். சோறு போடுவதற்கு முன்பே சொன்னேன். உப்பு, பாக்கெட், ஒன்பது நாள், மித்ரா சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலருந்து?"

"போன மாசக் கடைசியிலருந்து. உன்ட்ட சொல்லக்கூடாதுன்னுட்டார்."

மேஜையில் விரலை வைத்து எதையோ கணக்குப் பார்த்தாள்.

"அதுக்குப் பொறவும் நான் பைய சோதிச்சேன். ஊதச் சொன்னேன். தெனமும். சரின்னு ஊதுனார்."

நான் அவள் கையைத் தொடப்போனேன். இழுத்துக்கொண்டாள். அப்புறம் வங்காள மொழியில் ஏதோ சொன்னாள், மெதுவாக, எனக்கு அல்ல.

சாதம் போட்டேன், கூட்டுப் போட்டேன். மணி இரண்டேகால். எழுந்தும் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. நான் இந்த அறைக்கு வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்காலி நகரும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.